மலைக்கு ஒரு நர்சம்மா

“கேட்டியாய்யா?”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“பாக்கலாம்னாங்க.”

“எப்ப பாப்பாங்களாம்?”

“அதெல்லாம் சொன்னவுடனே ஆவுற வேலையாம்மே? ஆபீஸ்னா அப்பிடித்தான் இருக்கும். நட, பொழுது சாயறதுக்குள்ள ஓடையத் தாண்டணும்.”

பஞ்சாயத்து யூனியன் கூட்டம் முடிந்து மலை ஏறும்போதெல்லாம் மாதம்மாளும் அவள் புருஷன் சடையனும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால். பதில் சொல்லும்போது அவன் முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேர்வையில் ஒட்டிய சட்டை முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

தை மாதம் சடையன் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் மாதம்மாள் மறுபடி கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தாள். மலைமேல் இருக்கும் அவள் ஊரான வேங்கைக்கொல்லையிலிருந்து அடிவாரம் வரை ஒற்றையடிப் பாதை. வழி நெடுக அந்தப் பழைய பேச்சை அவளே இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தாள். கேட்டியாய்யா? கேட்டேன். இன்னா சொன்னாங்க? பாக்கலாம்னாங்க. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். எப்போதும் அவன் முன்னால் இறங்கி, வழுக்காத கல்லாகப் பார்த்துக் காலை ஊன்றி, திரும்பிக் கை நீட்டுவான். இன்று அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே தடவித் தடவி அக்கரை போனாள்.

அவள் மெம்பரானது ஒரு வேடிக்கை. யூனியன் கவுன்சிலில் பெண் ஒருத்தி இருந்தே ஆக வேண்டுமென்று சட்டம். ஜெயித்து வந்தவர்களில் பெண் யாரும் இல்லை. மலைக்கும் ஒரு இடம் கொடுத்த மாதிரி ஆகட்டும், சட்டத்துக்கும் ஆகட்டும் என்று சேர்மன் ராஜவேலு மாதம்மாளின் பேரைப் போட்டுவிட்டார். ஊரில் மூன்று மாதம் இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்தார்கள். சடையன் மட்டும் கிண்டல் செய்யவில்லை. முதல் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் சந்தையில் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தான்.

மலையில் ஊர்க்கூட்டம் என்றால் பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். ஒருத்திக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் புருஷனிடமோ அண்ணன் தம்பியிடமோ சொல்வாள். அவன் எழுந்து நின்று சபையில் சொல்வான். அப்படியே பழகியவளுக்கு யூனியன் ஆபீசும் இன்னொரு ஊர்க்கூட்டமாகத்தான் தெரிந்தது. அவள் உள்ளே போய் நாற்காலி நுனியில் உட்காருவாள். சடையன் வெளி வராந்தாவில் இருப்பான். சொல்ல வேண்டியதை வழியிலேயே அவனிடம் சொல்லியாகிவிட்டது. அவன் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்வான். சேர்மன் எப்போதாவது அவள் பக்கம் திரும்பி, “மலையில எல்லாம் சௌகரியம்தானேம்மா?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். புருஷன் வெளியே சொல்லிக்கொண்டிருப்பதை உள்ளே இவள் வேறு சொன்னால் அவனுக்கு என்ன மரியாதை?

சொல்ல வேண்டியிருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

அவள் மெம்பராவதற்கு முன்னால், அவர்களுடைய மூத்த மகள் மங்கம்மா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்த அன்று நல்ல மழை. கீழே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று மாதம்மாள் சொன்னாள். மழை விடட்டும் என்றான் சடையன். மழை விட்டு, மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடைக்கரையில் டோலியை இறக்கி வைத்தார்கள். மறுபடி தூக்கியபோது கீழே போகவில்லை, மேலே திரும்பினார்கள். அதற்குப் பிறகு சடையன் வாயிலிருந்து மகள் பேரை மாதம்மாள் ஒரு நாளும் கேட்டதில்லை.

மலைக்கென்று ஒரு நர்ஸ் இருக்கத்தான் இருந்தாள். சந்தை நாளில் பையோடு அடிவாரம் வரை வருவாள். எதிர்ப்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மலைமேல் ஒருத்தி தங்க வேண்டும், ராத்திரியில் கூப்பிட்டால் வர வேண்டும். மாதம்மாள் கேட்கச் சொன்னது இதைத்தான்.

இப்போது மருமகள் அம்சவல்லி முழுகாமல் இருந்தாள். ஐப்பசி மழையில், ஓடை புரண்டு ஓடும் காலத்தில் அவளுக்கு நாள். காலையில் இவள் கிளம்பும்போது வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே அம்சவல்லி சிரித்தாள்.

“அத்தே, மெம்பரு வூட்டுப் புள்ளையாச்சே, இது பொறக்க ஆபீசு ஜீப்பு வருமா?”

“வரும், வரும். மேளத்தோட வரும். நீ முறத்தப் பாத்துப் பொடை.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

“அத்தே, மங்காக்காவுக்கு ஆன மாதிரி ஆவாதில்ல?”

மாதம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது.

அடிவாரத்துப் படவேட்டில் பஸ் பிடித்து யூனியன் ஆபீஸ் வந்தபோது கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பியூன் ஜப்பார் வராந்தாவில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

“வாங்க மெம்பரம்மா. சேதி கேள்விப்பட்டேன். மனசே ஆறல. அந்தக் கடைசி பெஞ்சுல இப்பகூட நான் ஒக்கார்றதில்ல, அது அவரு எடம். டீ சொல்லட்டுமா?”

“வாணாம் பாய். ஒரு ஒத்தாசை பண்ணுங்க.”

“சொல்லுங்கம்மா.”

“எங்க வூட்டுக்காரரு மலைக்கு ஒரு நர்சம்மா வேணும்னு கேட்டுனு இருந்தாரே, அத யார்கிட்ட சொன்னாரு? சேர்மன் ஐயாகிட்டயா, கமிஷனரு ஐயாகிட்டயா? அவர்கிட்ட கொஞ்சம் போயி, முன்ன கேட்டவரு சம்சாரம் வந்திருக்கு, அதையே இன்னொரு தபா சொல்லச் சொல்லிச்சுன்னு சொல்லுங்க. எனக்கு சபையில பேச வராது.”

ஜப்பார் தோளில் இருந்த துணியை எடுத்து மறுபடி பெஞ்சைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

“இன்னா பாய், பேசமாட்டேன்றீங்க?”

“அதெல்லாம் பழைய கதைம்மா. இப்ப உள்ள புது கமிஷனரு.”

“புதுசானா இன்னா? பழையவரு எழுதி வெச்சிருப்பாரில்ல?”

“மெம்பரம்மா,” என்றார் ஜப்பார். “சடையன் அண்ணன் உள்ள வந்ததே இல்ல.”

“இன்னா?”

“ஒரு தபாகூட வந்ததில்ல. நானே சொல்லியிருக்கேன், வாங்கண்ணே, சேர்மன் தனியாத்தான் இருக்காரு, நல்ல சமயம்னு. அதோ அந்தக் கதவு வரைக்கும் வருவாரு. நெலையப் புடிச்சினு நிப்பாரு. அப்புறம், அடுத்த தபா பாத்துக்கலாம் பாய்னு பெஞ்சுக்குத் திரும்பிடுவாரு. ஒரு நாள் என்கிட்டயே சொல்லிப் பாத்தாரு. ‘எம்பொண்ணு ஒண்ணு இருந்துச்சு பாய்’னாரு. அதுக்கு மேல பேச்சு வரல. டீ ஆறிப் போச்சு.”

உள்ளே மணி அடித்தது. மெம்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜப்பார், “நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்று முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனார்.

மாதம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டேன், கேட்டேன் என்றானே. அவன் சொன்னதை நம்பி எத்தனை பெண்களிடம் ‘கேட்டாச்சு, வந்துடும்’ என்று சொல்லியிருக்கிறாள். திட்டுவதற்கு எதிரே ஆள் வேண்டுமே. கோபம் அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து களைத்து உட்கார்ந்தது. பிறகு அந்தக் கதவு நிலை கண்ணில் பட்டது. பச்சைப் பெயின்ட் அடித்த சாதாரண நிலை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவனை நினைத்துப் பார்த்தாள். கேட்க வேண்டுமென்றால் மகள் பேரைச் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் மழை விடட்டும் என்று தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான். இதையெல்லாம் தூக்கிக்கொண்டா அவன் முன்னால் நடந்தான்? துக்கத்தை இரண்டு பேருமாகச் சுமக்கிறோம் என்றுதான் இத்தனை வருஷம் அவள் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், அவன் தனியாகவும் இவள் தனியாகவும் அல்லவா சுமந்திருக்கிறார்கள். அவன் செத்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு தனியாக இருந்த மாதிரி இல்லை.

அவள் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சேர்மன் எழுந்து சடையனுக்காக இரண்டு வார்த்தை வருத்தம் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அப்புறம் வேலை ஆரம்பித்தது.

கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பற்றிப் பேசினார்கள். சந்தையில் கறிக்கடைகளின் நாற்றத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அதற்கடுத்து கமிஷனர், புதிதாக ஒரு நர்ஸ் வேலை சர்க்கார் கொடுத்திருப்பதாகவும், தங்குவதற்கு வீடும் கட்டித் தரப் போவதாகவும், எந்த ஊரில் வைப்பது என்று கவுன்சில்தான் முடிவு செய்ய வேண்டுமென்றும் சொன்னார்.

“அடிவாரத்துல ரெண்டு ஊர்க்காரங்க மனு குடுத்திருக்காங்க. விதிப்படி மலையையும் பார்க்கணும். ஆனா மலையில பிரசவத்துல யாரும் இறந்ததா நம்ம ஆஸ்பத்திரிக்குத் தகவல் இல்லை. அங்கேருந்து இதுவரைக்கும் யாரும் கேட்கவும் இல்லை.” அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. உள்ளதைச் சொன்னார்.

முன் வரிசையில் ஒரு மெம்பர் காலை நீட்டிக்கொண்டு, “மலைக்காரங்களுக்கு இன்னாங்க நர்சு? தேனும் தெனையும் தின்ற ஒடம்பு. காலையில பெத்துட்டு மத்தியானம் கொல்லை வேலைக்குப் போயிடுவாங்க,” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார்.

“அப்ப அடிவாரத்துலயே வெச்சிடுவோம்,” என்றார் சேர்மன். “ஆட்சேபணை இல்லையே? சரி, அடுத்தது.”

கேட்கவில்லை என்கிறார்கள். அவளைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இத்தனை கூட்டத்துக்கு இறங்கி வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனவளும் கேட்கவில்லைதானே. மாதம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். வராந்தாவில் யாரும் இல்லை. எழுந்து சொல்ல அவளுக்கு இனி ஆள் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் நகர்ந்து தரையில் கீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா? தண்ணி வேணுமா?” என்றார் சேர்மன்.

“வாணாங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சாவு இல்லன்னு ஐயா சொன்னாரு. இருக்குதுங்க.”

கமிஷனர் பேனாவைக் கையில் எடுத்தார். “யாரும்மா?”

“எம்பொண்ணு. மங்கம்மான்னு பேரு. தலைப்பிரசவம். டோலியில தூக்கினு வந்தோம். ஓடைக்கு இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள போயிட்டா, வயித்துப் புள்ளையோட. உங்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து செத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வழியிலயே செத்ததால தெரியல. நாங்களும் வந்து சொல்லல. இன்னும் ரெண்டு வூட்லயும் இப்பிடிப் போயிருக்காங்க, அவங்க பேரும் எனக்குத் தெரியும்.”

சிரித்த மெம்பர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். ஜப்பார் தண்ணீர் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இத இத்தன நாளும் நீங்க ஏன் சொல்லல?” சேர்மன் கேட்டது அதட்டலாக இல்லை.

“சொல்ல முடியலீங்க.” அதற்கு மேல் சடையனைப் பற்றி அந்தச் சபையில் அவள் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அது அவளோடு இருக்கட்டும். “இப்ப என் மருமவ மாசமா இருக்குறா. மழைக்காலத்துலதான் அவளுக்கு நாளு. அவளத் தூக்கினு என்னால ஓடியார முடியாது.”

“சரிம்மா. நாங்க இன்னா செய்யணும்? நீங்களே சொல்லுங்க.”

மாதம்மாள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த நர்சம்மாவ எங்க மலைக்குக் குடுங்க. ராவுலயும் அங்கயே தங்கற மாதிரி குடுங்க.”