ஷிப்ட் முடியாத மனிதர்

பாய்லர்காரர் தூங்க வேண்டும் என்று வீடே மூச்சடக்கிக் கிடந்தது. அவருடைய அம்மா பாத்திரத்தைப் பூப்போல இறக்கி வைத்தார். தம்பி தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினான். தையல்காரியான மனைவியின் மெஷினுக்கும் பூட்டு. மனுஷரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கதவையே பார்த்துக் கிடந்தார்.

ஆலையில் பாய்லர் வெடித்து அரை வருஷமாகிறது. காயமெல்லாம் ஆறிவிட்டது. காது மட்டும் காவலை விடவில்லை. ஒழுங்காகத் தூங்கும்வரை பாய்லர் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வேலைதான் அவருக்கு உயிர்.

அன்று மதியம் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்ளோ அமைதியா இருக்கே, இன்னும் என்னதான் கேக்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமே கேக்கல. அதான் பயம். வெடிக்கிறதுக்கு முன்னாடி பாய்லருக்குத் தண்ணி ஏத்துற பம்பு சத்தம் இப்படித்தான் நின்னுச்சு."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாளும் குடும்பமே கூடி அந்த நொடியைத்தான் அவருக்குப் பரிமாறியிருக்கிறது.

"அத்தை, நீங்க தாராளமா பாத்திரத்த உருட்டுங்க," என்று குரல் கொடுத்துவிட்டு மெஷினைத் திறந்தாள். அது கடகடவென்று ஓட, அவர் தோள் தளர்ந்தது, இமை இறங்கியது. பாழாய்ப்போன நூல் அப்போதா அறுந்து தொலைய வேண்டும்? மெஷின் நின்றதும் மனுஷர் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"படுங்க."

"எப்படிப் படுக்கிறது? ஷிப்ட் மாத்த ஆளே வரலியே."

வாய்தவறி வந்த வார்த்தை. விபத்தன்று அடுத்த ஷிப்ட் ஆள் வருவதற்குள் பாய்லர் வெடித்துவிட்டது. அடுத்த ஆள் வந்து மீட்டரில் கை வைத்து, 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க' என்று சொன்னால்தான் பாய்லர்காரர் நகரலாம். கல்யாணமான புதிதில் இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்திருக்கிறது. புளித்ததும் நல்லதற்குத்தான்.

மெஷின் சக்கரத்தில் கை வைத்தாள். "நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

"விளையாடாத."

"கைய வச்சாச்சு. இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

அவர் அவளையே பார்த்தார். "தண்ணி சரியா இருக்கு," என்றார். ஒப்படைக்கிறவர் சொல்ல வேண்டிய பதில் அது. பிறகு, வெடித்த நாளுக்கப்புறம் முதல்முறையாக, கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.

அவள் நூலைக் கோக்கவில்லை. சக்கரத்திலிருந்து கையையும் எடுக்கவில்லை. வீடு பழையபடி அமைதியாகத்தான் இருந்தது, அவருடைய குறட்டையைத் தவிர.