ஓடி வருபவர்களுக்குக் கைதட்டல்

கப்பல் கிளம்பும் நேரத்தில் மேல்தளத்துக் கம்பியோரம் ஒரு கூட்டம் கூடிவிடும். தாமதமாக ஓடி வருகிறவர்களுக்குக் கைதட்ட, விசிலடிக்க. பைகள் முழங்காலில் இடிக்க, நாக்குத் தள்ள ஓடி வருகிற மனிதர்களைப் பீர் குடித்துக்கொண்டே பார்ப்பதில் அவர்களுக்குத் தனி ருசி. பிரிஸ்பேனில் கிளம்பும்போது லெஸ்ஸும் சிரித்தவன்தான். இன்று பசிபிக் தீவுத் துறைமுகமான போர்ட் விலாவில், கூட்டத்துக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் நிற்பவர்களின் பின்புறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குவீன்ஸ்லாந்தின் சரீனா கரும்பாலையில் கரும்பு ஏற்றும் ரயில் பெட்டி ஒன்று கவிழ்ந்து அவன் இடுப்பை நசுக்கியது. அன்றிலிருந்து தூக்குவது, துடைப்பது, உடுத்துவது எல்லாம் மனைவி நோலீன்தான். இன்று ஒரு பொழுது அவளைத் தனியாகக் கரைக்கு அனுப்பியிருந்தான். தன் கைபேசியை அவள் அறைப் பெட்டகத்திலேயே பூட்டிவிட்டாள். வெளிநாட்டில் அதைத் தொட்டாலே பில் எகிறும். அவன்தான் தன் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டான்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது. "திருமதி நோலீன் ஹார்ட்டிகன். கப்பலில் இருந்தால் உடனே வரவேற்பறைக்கு வரவும்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே," என்றான் லெஸ் தன் கைபேசியைப் பார்த்து, சத்தமாக.

முன்னால் நின்ற டேமோ திரும்பினான். நியூகாசில்காரன், குவீன்ஸ்லாந்துக்குப் பக்கத்து மாநிலம். சாப்பாட்டு மேசையில் பக்கத்து இருக்கை. "எந்த ஊரு நேரம், பெரிசு? கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வைன்னு நேத்து எல்லார் படுக்கையிலயும் துண்டுச்சீட்டு வச்சாங்களே."

லெஸ் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நேற்று சாப்பாட்டு மேசையில் பெருமையடித்திருந்தான். மற்ற மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினாலும், குவீன்ஸ்லாந்துக்காரன் பிறந்ததிலிருந்து கடிகார முள்ளைத் தொட்டதில்லை, இனியும் தொடமாட்டான் என்று. "தொட்டா ஒரு மணி வெயில் கூடி வீட்டுத் திரைச்சீலை வெளுத்துடும்னு பயம்," என்று டேமோ கிண்டலடிக்க, நோலீன்தான் அதிகமாகச் சிரித்தாள்.

"என் பொண்டாட்டி தெரியுறாளா பாரு! நீலத் தொப்பி!"

டேமோ கம்பியில் எக்கிப் பார்த்தான். "யாரும் இல்லை, பெரிசு. துறைமுக வாசல் வரைக்கும் காலி."

மரிவிக் என்ற வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க வந்தாள். கையில் நோலீனின் பாஸ்போர்ட். "சார், பெட்டகத்தைத் திறந்து எடுத்தோம், மன்னிக்கணும். கீழே எங்க துறைமுக முகவர்கிட்ட கொடுத்துடுவோம். அம்மா விமானத்துல பிரிஸ்பேன் வந்துடலாம்."

"கப்பல் நடுவுல எங்கயும் நிக்காதா?"

"இல்லை சார். கடல்தான்."

"அதுவரைக்கும் என்னைக் கக்கூஸுக்கு யாரு தூக்குவா? நீயா?"

அவள் அவன் தோள் உயரம்தான் இருப்பாள். தலை குனிந்தாள். "அந்த உதவி கப்பல்ல கிடையாது சார். கூட வர்றவங்கதான் பார்த்துக்கணும்னு டிக்கெட்லயே…"

"அந்தக் கூட வர்றவளைத்தானே விட்டுட்டுப் போறீங்க!"

கம்பியோரச் சிரிப்பு அடங்கியது. கப்பலை வெளியே வழிநடத்தும் துறைமுக பைலட் ஏறிவிட்டார், கப்பல் காத்திருக்காது என்றாள் மரிவிக்.

"அப்ப என்னையும் இறக்கு. இல்லேன்னா இங்கேயே தரையில விழுந்து கிடப்பேன். என்னைத் தாண்டிக்கிட்டுத்தான் எல்லாரும் சாப்பிடப் போகணும்."

அவள் வயர்லெஸில் கெஞ்சினாள். ஏணிப்பாலத்தை எடுக்கப் போகிறார்கள், இறங்குவதானால் இப்போதே என்று பதில் வந்தது. ஆனால் நாற்காலியோடு இறக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் கப்பல் கயிறுகளை அவிழ்க்கப் போய்விட்டார்கள்.

டேமோ பீரைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தான். "முதுகுல ஏறு, பெரிசு."

லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு வந்து, ஆடும் ஏணிப்பாலத்தில் சாக்குமூட்டை போல அவனைச் சுமந்து இறங்கினான் டேமோ. பின்னால் மடக்கிய நாற்காலியோடு மரிவிக். பாதியில் லெஸ்ஸுக்குக் கட்டுப்பாடு போனது. டேமோவின் சட்டை முதுகு நனைந்தது.

"மன்னிச்சுக்கப்பா…"

"விடு. பீருன்னு நெனச்சுக்கறேன்."

நாற்காலியை விரித்து அவனை உட்கார வைத்தார்கள். மரிவிக் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் அவசரத்தில் எடுத்துவந்த மாத்திரைப் பையையும் மடியில் வைத்தாள். "அம்மா வராம இருந்தா?" என்று வாயெடுத்தவள் முடிக்கவில்லை. இருவரும் திரும்பி ஓடினார்கள். ஏணிப்பாலம் உள்ளே போனது. கயிறுகள் தண்ணீரில் விழுந்தன. பெட்டிகள், உடைகள், அவனைத் தூக்கும் பெல்ட் எல்லாவற்றோடும் கப்பல் நகர்ந்தது. வெந்த சிமெண்டில், ஈரக் கால்சட்டையோடு, லெஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இந்தத் தீவில் அவனுக்கு ஒரு நாயையும் தெரியாது. சக்கரத்தைத் தள்ளப் பார்த்தான். பின்பக்கப் பிரேக் கைக்கு எட்டவில்லை.

கப்பல் விரிகுடா வாயை நெருங்கிய பிறகுதான் ஒரு சின்னப் பேருந்து வந்து நின்றது. நோலீன் இறங்கினாள். ஓட்டுநரோடு ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, அவனைப் பார்த்ததும் கையசைத்தாள்.

"ஏய்யா, நீ ஏன் இறங்கி வந்தே? நேரம் கெடக்கே! யாரு இறக்கிவிட்டா?"

அவள் அவன் தலைக்கு மேலே கடலைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

"கடிகாரம்," என்றான் லெஸ். "நான் மாத்தலை நோல். திமிரு. உன்கிட்ட சொல்லவும் இல்லை."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கால்சட்டையின் ஈரத்தைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு, பேத்திக்கு வாங்கிய பூப்போட்ட துணியை உதறி அவன் மடியில் போர்த்தினாள். நாற்காலியின் பிரேக்கை எடுத்து, கொட்டகை நிழலில் நின்ற முகவரை நோக்கித் தள்ளினாள்.

"அண்ணே," என்றாள். "படி இல்லாத அறை இந்த ஊர்ல எங்கேயாவது இருக்கா?"