கோபக்காரிக்கு ஒரு சரணம்

எங்கள் வீட்டுச் சண்டையைப் பாட்டாக்கிவிட்டார் என்பது எனக்கு ஒத்திகையில்தான் தெரிந்தது.

ஜலகண்டாபுரத்தில் நாங்கள் நடத்திய குழுவில் என் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி கிதார், வீரபாகு டிரம்ஸ், நான் பாட்டு. பாட்டு எழுதுவதும், ஆண் குரலுக்குப் பாடுவதும் என் வீட்டுக்காரர்தான். எண்பத்து நான்கில், காதலின் இனிப்பையும் கசப்பையும் சொந்தப் பாட்டுகளாகப் போட்டு ஒரு கேசட் கொண்டுவரத் துணிந்தோம். தாளம் வெள்ளைக்காரத் தாளம், வார்த்தை நம்மூர் வார்த்தை. ஏ பக்கம் முழுக்கக் கொஞ்சல், பி பக்கம் பிணக்கு.

அந்தப் பிணக்கில் ஒரு பாட்டுக்குப் பெயர் 'கோபக்காரி'. தட்டை எறிந்தாள், தாழ்ப்பாள் போட்டாள், கட்டினவனை வாசலில் நிறுத்தினாள் என்று போனது. வீரபாகு சிரித்துச் சிரித்துத் தாளத்தை விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எறிந்தது உண்மைதான். ஏன் எறிந்தேன் என்று ஒரு வரி உண்டா அதில்?

அந்தச் சண்டை வந்தது எங்கள் தலை ஆடியில், கல்யாணமானபின் வந்த முதல் ஆடியில். ஆடி முதல் நாள் பரமத்தி வேலூரில், காவிரிக் கரையில், தேங்காய்க்குள் வெல்லமும் பாசிப்பருப்பும் அடைத்து, குச்சியில் செருகித் தீயில் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைப்போம். புது மாப்பிள்ளை வருவாரென்று என் அப்பா வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. மேட்டூரில் கச்சேரி கிடைத்ததென்று இவர் அங்கே போய்விட்டார். ஒரு சேதிகூட இல்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு சுட்டதில் தேங்காய் கரியாகிவிட்டது. அத்தனை பேர் கேள்விக்கும் முன்னால் நான் ஒருத்திதான் நின்றேன். அந்தக் கோபத்தில்தான் ஜலகண்டாபுரம் திரும்பியதும் தட்டு பறந்தது.

ஒத்திகையைப் பாதியில் விட்டுப் பஸ் ஏறி வேலூருக்கு, அப்பா வீட்டுக்கே போய்விட்டேன். கேசட்டும் வேண்டாம், அவரும் வேண்டாம் என்றுதான் அன்று இருந்தது.

சில நாளில் அவரே தேடி வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் என் பின்னாலேயே நடந்து, அந்தப் பாட்டை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போதே முகம் வாடியது. அவர் கிதார் அந்தப் பாட்டில்தான் அழகு, அது எனக்கும் தெரியும்.

"எடுக்க வேண்டாங்க," என்றேன். "எம்பட பக்கத்தையும் அதுல சேத்துங்க. நானே பாடறேன், நீங்க கேளுங்க."

என்ன பாடப்போகிறேன் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஜலகண்டாபுரத்தில் கரண்ட் போனால்தான் விசைத்தறிச் சத்தம் அடங்கும். எங்கள் பாட்டெல்லாம் அப்படிக் கிடைத்த அமைதியில், லாரி பேட்டரியை வைத்துப் பதிந்தவை. அன்று மதியமும் கரண்ட் போனதும் தொடங்கினோம். தட்டு, தாழ்ப்பாள் எல்லாம் அவர் பாடி முடித்தார். என் சரணம் வந்தது.

"ஒத்தப் பஸ்ஸும் உன்னக் கொண்டாரல,
ஊரு கேட்டுது, நான் வாய் தொறக்கல;
சுட்ட தேங்கா கரியாப் போச்சு,
தூக்கிப் போட மனசு வரல."

கிதார் நின்றுவிட்டது. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு எம்மேலதான், வசந்தாமணி," என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து தெருவெல்லாம் தறி ஓட ஆரம்பித்தது. திரும்பப் பதியலாம் என்றான் வீரபாகு. நான் விடவில்லை. கிதார் நின்றதும், அவர் சொன்னதும், தறிச் சத்தமும் அப்படியே கேசட்டில் வந்தன. கேசட்டை வாங்கிப்போன லாரிக்காரர்கள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்.

அடுத்த ஆடி முதல் நாள், வேலூருக்கு வந்த முதல் பஸ்ஸிலேயே இறங்கினார். கிதாரைக் காணோம். பையைத் திறந்து காட்டினார், இரண்டு தேங்காய் இருந்தன. போன வருஷத்துத் தேங்காயையும் சேர்த்துச் சுட்டுவிடலாம் என்றார்.