கிளைட்டனைத் திரும்பவும் கடலில் இறக்கினார்கள்

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு எமில்டாவுக்கு அரிவாள் செல் நோய். ரத்த அணுக்கள் வளைந்து, குழாய்களில் அடைத்து, எலும்பெல்லாம் வலியெடுக்கும். அவளைப் பற்றி எழுதி, கடைசிப் பக்கத்தில் சாகடித்திருந்தேன். வாசித்துவிட்டு, "நோய்க்காரின்னா சாவத்தான் செய்யணுமா அண்ணாச்சி? நேத்துகூட உக்காந்து மீன் ஆய்ஞ்சேன்" என்றாள். கிழித்துப் போட்டேன்.

2

முத்துக்குப் பேர்போன தூத்துக்குடிக் கடலில் ஒரு... (அட, வேண்டாம். முத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று? இப்போது குளிப்பது சங்கு.)

எமில்டாவின் தம்பி கிளைட்டன் சங்கு குளிக்கிறவன். இது குடும்பத்தில் வருகிற நோய், உனக்கும் இருக்கலாம், ரத்தத்தைச் சோதித்துப் பார் என்று அவள் கரடியாய்க் கத்தியும் அவன் அசையவில்லை. தெரிந்துவிட்டால் எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்களே என்ற பயம். 'கோழை' என்று எழுதி, அடித்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான், பாவம்.

3

செவ்வாய்க்கிழமை கடலில் குளித்து மேலே வந்ததும் முட்டும் இடுப்பும் வலித்துச் சுருண்டான். ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்தவனுக்கு வலித்தால், திரும்பவும் தண்ணீருக்குள் இறக்குவது சங்கு குளிப்பவர்களின் வழக்கம். கூட்டாளி டெரன்ஸ் அதைத்தான் செய்தான். வலி கூடியது. பயந்துபோய் எமில்டாவுக்குப் போன் போட்டான்.

"ஏலே, அவன மேல தூக்கு. இது எனக்கு வர்ற வலிதாம்ல, இதுக்குக் குளிரு ஆகவே ஆகாது. போர்வையச் சுத்தி, குடிக்கத் தண்ணி குடு. கரைக்குக் கொண்டா."

"நல்லதுன்னு நெனச்சுதான்க்கா இறக்குனேன்."

"தெரியும்ல, அழாத. வா."

(டெரன்ஸை வில்லனாக்கி ஒரு பத்தி இருந்தது. மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன்.)

4

எமில்டாவும் இதே நோயுள்ள இன்னும் சில வீட்டாரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வலி வந்தால் இன்னொருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்காகப் பேசுவார். துடிப்பவரால் பேச முடியாது. விவரம் தெரியாத டாக்டராக இருந்தால் போதைக்காக வலி ஊசி கேட்டு நடிக்கிறார் என்று நினைத்துவிடுவார். எத்தனையோ பேருக்காகப் பேசியவள் எமில்டா. இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பது தம்பி. அவளுக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள்.

5

ஒரு முடிவில் அவன் பிழைத்து, சோதனைக்குச் சம்மதித்து... இன்னொரு முடிவை எழுத எமில்டா என்னை விடமாட்டாள். அதற்குள் டாக்டரே வந்துவிட்டார்.

"என்ன செய்யுது இவருக்கு? யாராவது சொல்லுங்க."

டெரன்ஸ் தரையைப் பார்க்கிறான். எமில்டா தம்பியின் முட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். வாசிக்கிற நீங்கள் இத்தனை நேரம் கூடவே இருந்தீர்கள், எல்லாம் தெரியும். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். சொல்லுங்கள்.