கார்டா, கூரையா

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. களுவாஞ்சிக்குடியில் தங்கராசா நடத்திய தொலைத்தொடர்புக் கடையில் கம்ப்யூட்டர் கிழடு, மோடம் மட்டும் புதுசு. மோடத்தின் ஓட்டத்துக்குக் கம்ப்யூட்டரில் அதைச் செருகும் பழைய சீரியல் போர்ட் ஈடுகொடுக்கவில்லை. வேகத்தைக் கூட்டினால் எழுத்துகள் பாதி வழியில் தொலைந்தன. குறைத்து வைத்தால் ஈ-மெயில் ஒழுங்காக வந்தது, ஆனால் ஆமை வேகத்தில்.

கொழும்பிலிருந்து புடவை ஏற்றிவரும் காத்தான்குடி சரீப், அந்த வேகத்தைத் தாங்கும் புது போர்ட் கார்ட் ஒன்றை விசாரித்து வந்தார். கார்டின் விலை பெரிதில்லை. இராணுவத்திடம் பாஸ் எடுக்கிற செலவும், சோதனைச் சாவடிக்குச் சாவடி லொறி காத்துக்கிடக்கிற கூலியும் சேர்ந்ததும், அது கண்ணகைக்குக் கட்டும் வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்க வைத்திருந்த காசளவுக்கு வந்து நின்றது.

கண்ணகை தங்கராசாவின் ஒரே மகள். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். கட்டாரில் வேலை செய்யும் தேற்றாத்தீவு அழகரத்தினத்தைப் பேசி முடித்தாயிற்று. போன் காசு கட்டாது என்று அவன் எழுதுவதெல்லாம் கடை ஈ-மெயிலுக்குத்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தங்கராசா ஓடுகளையே வாங்கினார்.

"சின்னக் கடிதம் வரும், அண்ணன். பெரிசா ஒண்டு வந்தா, லைன் அறுகிறத்துக்குள்ள இறங்குமா?" என்று சரீப் கேட்டார். தங்கராசா சிரித்துச் சமாளித்தார்.

மாரி தொடங்க, பெரிதாக ஒன்று வந்தது. முக்கால்வாசி இறங்கும், லைன் அறும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பின்னால் வந்த கடிதங்களெல்லாம் வரிசையில் மாட்டிக்கொண்டன. எந்த அறிவுகெட்டவன் இதை அனுப்பினான் என்று தங்கராசா நாள்தோறும் ஏசினார். மாப்பிள்ளையிடமிருந்தும் சத்தமில்லை. பெண் வீட்டார் முந்திக்கொண்டு விசாரிப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு மாலை லைன் அறாமல் நின்றது. திரையில் கோடு கோடாக ஒரு படம் விரிந்தது. கண்ணகைக்கென்று சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் நின்று எடுத்த அழகரத்தினத்தின் படம். பின்னாலேயே அவனுடைய கடிதங்கள் விழுந்தன. லீவு கிடைத்திருக்கிறது, கல்யாண நாளைச் சொல்லுங்கள் என்றது முதலாவது. ஏன் பதில் இல்லை என்றது அடுத்தது. உங்களுக்கு விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டேன், கூட வேலை செய்கிறவரின் தங்கையைக் கல்யாணம் முடித்துவிட்டேன் என்றது கடைசி.

கண்ணகை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடு வாங்கிறத்த ஒரு மாரிக்குத் தள்ளிவச்சிருக்கலாமே, அப்பா. நனையிறத்துக்கு அந்த வீட்டுல இப்ப ஆர் இருக்காங்க?"

அன்றிரவெல்லாம் மழை கொட்டியது. புது வீட்டில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.