மொழிபெயர்ப்பாளர் வீட்டுச் சட்டம்

நூலக அரங்கின் மூன்றாவது வரிசையில், மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பேராசிரியரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவள் வீட்டுக்காரர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லை என்பது வரைபடத்தில் யாரோ இழுத்த கோடு. பக்கத்து நாட்டுக் கதைகளைப் படிக்கும்போதுதான் நாம் யார் என்பதே நமக்குத் தெரிகிறது!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. போகாமல் என்ன? காலையில் சவரம் செய்யும்போதே கண்ணாடியிடம் இரண்டு தரம் ஒத்திகை பார்த்த வரி அது.

ஊருக்குத்தான் உபதேசம். அவள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அங்கே ஆராய்ச்சிக்குப் போன மனிதர், துரத்தித் துரத்திக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மகள் பிறந்ததும் வீட்டில் சட்டம் போட்டார். "இனிமே உங்க ஊர்ப் பேச்சு இங்க வேண்டாம். புள்ள குழம்பிடும். ரெண்டு நாடும் முறைச்சிக்கிட்டு நிக்குது, தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வெச்சிடுவாங்க." பிள்ளைக்காக என்றால் எந்தத் தாய் மறுப்பாள்? வாயைப் பூட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் கேட்டால், ஏதோ தூரத்து ஊர் என்று சொல்லி வைத்தார்கள்.

அவருக்கு மட்டும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. மகள் விளையாடப் போனதும், தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்த நாட்டு நாவலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவார். "இந்தத் திட்டு கோபத்துல திட்டுறதா, செல்லமா திட்டுறதா?" அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்லுவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், இருவரும் கப்சிப். இப்படித்தான் அந்த நாவல் முழுவதும் அடுப்படியில் வெந்து புத்தகமானது. அதில் தன் பெயர் இல்லாதது அவளுக்குப் பெரிதில்லை. அவள் அம்மா தொலைபேசியில் பேத்தியைக் கூப்பிடுவார். இந்த வாலு திரையைப் பார்த்துப் பல்லைக் காட்டும், கையை ஆட்டும், ஓடிவிடும். அம்மா பேசுவதெல்லாம் அதற்கு வெறும் சத்தம். வயிறு எரிந்தது அதற்குத்தான்.

இன்று வெளியீட்டு விழா. நாவலை எழுதிய அம்மாளே எல்லை தாண்டி வந்திருந்தார். கிளம்பும்போதே வீட்டுக்காரர் எச்சரித்திருந்தார். "அங்க வாயத் திறக்காத. ஒண்ணும் புரியாத மாதிரி உக்காந்திரு, போதும்."

எழுத்தாளர் எழுந்து தன் மொழியில் பேசத் தொடங்கினார். பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், கொஞ்சம் கொஞ்சமாக மொழிபெயர்க்க.

"எங்க ஊர்ல நாவல் வந்தா முதல்ல சொந்தக்காரங்கதான் படிப்பாங்க, நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு. அப்புறம் போலீஸ் படிக்கும். வாசகர் கைக்கு வர்றதுக்குள்ள புத்தகம் கிழிஞ்சு போயிடும்."

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, வயிறு குலுங்க. அரங்கத்தில் வேறு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? பேராசிரியர் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லையே! தவளை தன் வாயால் கெட்டது. எல்லாத் தலையும் திரும்பியது.

எழுத்தாளரின் முகம் மலர்ந்துபோனது. மேடை விளிம்புக்கே வந்துவிட்டார். "நம்ம ஊரா தங்கச்சி? பக்கத்துல இருக்கறது உன் மகளா? குழந்தைக்கு நம்ம பேச்சு வருமா?"

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அவங்க என்ன கேக்கறாங்க?"

பெற்ற தாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். தாயின் மொழிக்கு அர்த்தம் கேட்க அப்பாவிடம் போகிறது பிள்ளை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கியில் இளித்துக்கொண்டே சொன்னார். "குழந்தை ரொம்ப அழகா இருக்காம். எந்தக் கிளாஸ்னு கேக்கறாங்க."

பச்சைப் பொய். அந்த அரங்கத்தில் அவரைத் தவிர, அது பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு வசவுக்குச் சரியான அர்த்தம் தேடி நான்கு நாள் அவள் உயிரை எடுத்த மனிதர்!

எழுந்தாள். நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது. "அவங்க அதைக் கேக்கல. குழந்தைக்கு எங்க பேச்சு வருமான்னு கேட்டாங்க. வராதுங்க! ஒரு வார்த்தைகூட வராது. எங்க அம்மாகூட பேசத் தெரியாது இவளுக்கு. என் புள்ளகிட்ட என் பேச்சைப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. உத்தரவு போட்டவர் இதோ நிக்கறார், எல்லை ஒரு கோடுதான்னு சொல்லிக்கிட்டு!"

பிறகு அதையே, ஒரு சொல் குறையாமல், எழுத்தாளரிடம் தன் மொழியில் சொன்னாள். ஆண்டுக்கணக்கில் ஊர் நடுவே பேசாத பேச்சு. மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

பேராசிரியர் மேடையிலிருந்து குனிந்து கிசுகிசுத்தார். "உக்காரு. மானத்த வாங்காத. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

பதற்றத்தில் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"வீட்டுலதானே பேச விட மாட்டேங்கறீங்க?" என்றாள்.