பதினோராம் மாடிப் புகை

ரக்ஷனா விட்ட முதல் புகை கலையவில்லை. அக்டோபர் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு பத்துக்கு, உட்லண்ட்ஸில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் பதினோராம் மாடிப் படிக்கட்டில் அது நடந்தது. அன்று காற்று மாசுக் குறியீடு நாற்பத்திரண்டு. சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் எதுவும் வந்திருக்கவில்லை. மற்றவர்கள் விட்ட புகை சுவரின் காற்றுத் துளைகள் வழியே போய்விட்டது. அவளுடையது மட்டும் பூனையளவுக்குத் திரண்டு, நான்கு மாடி இறங்கி, அவள் பின்னால் வீட்டுக்கு வந்தது.

அவளுக்கு வயது பதினைந்து. ஜூன் விடுமுறையில் பிடோக்கிலிருந்து குடிமாறி வந்தவள். புதிய பள்ளியில் நான்கு மாதமாக அவளிடம் யாரும் மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை. அதே பள்ளியின் ஆரிஃபும் மோகனப்பிரியாவும் படிக்கட்டில் பேசினார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குக் கடையில் சிகரெட் கிடையாது. மூடிய அலமாரிக்கு முன்னால் நின்று அடையாள அட்டை கேட்பார்கள். ஆரிஃபுக்கு இம்ரான் என்றொரு பெரியப்பா மகன் இருந்தான், ராணுவத்தில் தேசிய சேவையை முடித்தவன், வயது இருபத்திரண்டு. அவன் வாங்கித் தந்த பெட்டியிலிருந்து ஆரிஃப் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். ரக்ஷனாவிடம் பணம் வாங்கவில்லை. ஒரு சிகரெட்டுக்கு ஒரு பக்கம் கெமிஸ்ட்ரி விடை. அவளுக்கு அந்தச் சுவை பிடிக்கவில்லை. ஆனால் கையில் இருப்பது எரியும் ஏழு நிமிடமும் அங்கே நிற்கலாம், மோகனப்பிரியா ஆசிரியர்களைப்போல் பேசிக் காட்டுவதற்குச் சிரிக்கலாம். அணைந்ததும் போய்விட வேண்டும். யாரும் சொல்லாத விதி அது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

புகை ஓரிடத்தில் இருக்கவில்லை. மின்விசிறியைச் சுற்றியது, லிஃப்ட் நிற்கும் ஓசை கேட்டால் கதவருகே ஓடியது. அவள் பள்ளியில் இருக்கும்போது வேலிக்கு வெளியே காத்திருந்தது. கொசு மருந்து அடித்த மிச்சம் என்று காவலாளி விட்டுவிட்டார். வீட்டில்தான் சிக்கல். அம்மா கமலம் தேக்காவில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். மகள் ஒருத்தியோடு தனியாகக் குடும்பம் நடத்தியவருக்கு அதுவரை அவள்மேல் சந்தேகம் வந்ததே இல்லை. அந்த நம்பிக்கை போய்விடக் கூடாது என்று ரக்ஷனா தினமும் அம்மா வருவதற்குள் சாம்பிராணி போட்டாள். புகைக்குள் புகை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகூடச் சாமி விளக்கைத் திரும்பிப் பார்க்காத பெண் தினமும் சாம்பிராணி போடுவதைக் கமலம் மூன்று வாரம் பார்த்தார். ஜூரோங்கிலிருந்த தன் தங்கைக்குப் போன் செய்து சொன்னார். பிறகு, வரும் தைப்பூசத்துக்கு ரக்ஷனா பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாது. ரக்ஷனா ஒத்துக்கொண்டாள். விரதம் தொடங்கிய காலையில் புகையை, குண்டுவீச்சுக்கு ஒதுங்க வீட்டிலேயே கட்டியிருந்த பாதுகாப்பு அறைக்குள், பழைய பெட்டிகளுக்கும் அரிசிப் பைக்கும் நடுவில் தள்ளி, இரும்புக் கதவைத் திருகி மூடினாள். உள்ளே அது சுவரோரம் நடப்பது அவளுக்குக் கேட்டது. அவளும் படுக்கையில் புரண்டாள்.

பதினேழாம் நாள் படிக்கட்டுக்கு வெறுங்கையோடு போனாள். சும்மா நிற்க வந்ததாகச் சொன்னாள்.

"கையில இல்லன்னா எதுக்கு நிக்கிற? டியூஷன் சென்டரா லா இது?" என்றான் ஆரிஃப்.

மோகனப்பிரியா சிரித்தாள். ரக்ஷனாவும் சிரித்தாள், பிறகு ஒன்றை வாங்கிப் பற்ற வைத்தாள். அந்தப் புகை சாதாரணமாகக் கலைந்தது. அவள் ஏழு நிமிடம் நின்றாள். மீதி முப்பத்தொரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. குடத்தில் பால் திரிந்துவிடும் என்று தினமும் கனவு வந்தது.

தைப்பூசத்தன்று விடியுமுன் ரக்ஷனா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தபோது, கமலம் பாதுகாப்பு அறைக் கதவைத் திருகிக்கொண்டிருந்தார். புகை வெளியே வந்து அவர் காலைச் சுற்றியது. சற்று இளைத்திருந்தது.

"நாப்பத்தெட்டு நாளா அடைச்சு வச்சிருக்க. மூச்சு முட்டாதா? கூட்டிட்டு வா."

 எப்போதிலிருந்து தெரியும் என்று ரக்ஷனா கேட்டாள்.

"எட்டு வருஷமா சிகரெட் வாயோட வர்றவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுறேன். சாம்பிராணின்னு நெனச்சுக்குவேனா? சொன்னா கேக்கமாட்ட. விரதம்னா விட்டுடுவியோன்னு பார்த்தேன்."

"பதினேழாம் நாள் ஒண்ணு பிடிச்சேம்மா."

"ஒண்ணா?" கமலம் குடத்தின் வாயில் மஞ்சள் துணியை இறுக்கினார். "நான் ஏழெட்டு இருக்கும்னு நெனச்சேன். நேரமாச்சு, நட."

சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்தார்கள். புகை அவர்களுக்கிடையில் வந்தது. வரிசையை ஒழுங்குபடுத்திய தொண்டர் ஒருவர் மூன்று பேராக வரச் சொன்னார். மூன்று பேர்தான் என்றார் கமலம். பால் திரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நான்கு மணிக்கு ரக்ஷனா பதினோராம் மாடிக்குப் போனாள், புகையும் போனது. ஆரிஃப் பெட்டியை நீட்டினான். அவள் தலையை ஆட்டி, தன் காலடியில் கிடந்த புகையைக் காட்டினாள். அவன் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தான். மோகனப்பிரியா தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். படியில் இரண்டு பேர் உட்காரும் இடம் கிடைத்தது. ரக்ஷனா அன்று நாற்பது நிமிடம் இருந்தாள்.